கீழ்ச்சுரத்தைத் தாங்கியவர்கள்

பெரியம்மாவின் வாத்தியத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் எருமை என்றுதான் சொல்வோம். ராணுவ பேண்டின் கடைசி வரிசையில், வாசிப்பவரின் மடியில் உட்கார்ந்து, வாயை வானத்தைப் பார்த்துத் திறந்துவைத்திருக்கும் பெரிய பித்தளை வாத்தியம் அது. ட்யூபா என்பது அதன் அசல் பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் அது பெரியம்மாவின் மடியில் இருக்கிறதா, பெரியம்மா அதன் மடியில் இருக்கிறாளா என்று சொல்வது கஷ்டம்.

அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. வகுப்பில் எல்லோரையும்விட உயரம் என்பதால் பள்ளிக்கூட பேண்டில் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். பின்வரிசையில் எருமை இருந்தது. வீட்டுக்கு முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு வந்த அன்று அவளுடைய அப்பா வாசலிலேயே மறித்தாராம்.

"பொம்பளப் பிள்ளைக்கு ஊதுறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா?"

"ஏம்ப்பா, அடுப்பைத் தவிர வேற எதையும் நான் ஊதக் கூடாதா?"

அவர் வழியை விட்டார். எருமை உள்ளே வருவதற்குக் கதவின் இரண்டு பக்கத்தையும் திறக்க வேண்டியிருந்தது.

பிறகு அந்த வாத்தியமே அவளை ராணுவத்துக்குள் கூட்டிக்கொண்டு போனது. சம்பளம், சீருடை, படைக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் ஒரு வீடு. கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கும்வரை பெரியம்மா சாதகம் செய்வாள். இடி விழுந்ததும் "சரி, சரி, தூங்குங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாத்தியத்தின் வயிற்றில் சேர்ந்திருக்கும் தண்ணீரை வாளியில் வடிப்பாள். அதை எச்சில் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "மூச்சுதான் அது. உள்ள சுத்திச் சுத்திக் குளிர்ந்துபோய்த் தண்ணியா நிக்குது."

இத்தனை வருடம் வாசித்தும் பெரியம்மா வாசித்ததைக் கேட்டவர்கள் குறைவு. ட்யூபாவின் தலையெழுத்து அது. மேலே கிளாரினெட் பாடும், ட்ரம்பெட் மின்னும். கேட்பவர்களின் காது அங்கேதான் இருக்கும். கீழே தரை மாதிரி ஒரு சுரம் ஓடிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. "நடக்கிறவன் தரையைப் பத்தி நினைக்கிறானா? தரை இல்லாமப் போனாத்தான் நினைப்பான்" என்பாள்.

அந்தத் தரையை அவள் தனியாகப் போடவில்லை. பக்கத்து நாற்காலியில் இன்னொரு ட்யூபாவும், அதை வாசிக்கும் ஒட்டகம் அண்ணனும் உண்டு. ஒட்டகம் தண்ணீரைச் சேர்த்துவைப்பதுபோல இவர் மூச்சைச் சேர்த்துவைப்பார் என்று பேண்டில் வைத்த பெயர். நீளமான சுரம் வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. ஒருவர் வாங்கும்போது மற்றவர் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். இன்ன இடத்தில் நீ, இன்ன இடத்தில் நான் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள். அப்போதுதான் கேட்பவர்களுக்கு அது முடிவே இல்லாத ஒரே மூச்சாகத் தெரியும். பல வருடம் இப்படி ஊதியதில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட மாறி மாறித்தான் மூச்சு விட்டார்களாம். பெரியப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பெரியப்பா மின்சார மீட்டர் பார்ப்பவர். ஊர் முழுக்கப் படியேறி இறங்கி, யார் வீட்டிலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் திரும்பி வருகிறவர். அவர் பாடி யாரும் கேட்டதில்லை, குளியலறையில்கூட.

ஒரு மழைக்காலத்தில் பெரியம்மாவுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பெரியப்பா கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மீட்டரைப் பார்ப்பது மாதிரி அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். குணமாகி வந்தபோது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எல்லாம் சுத்தம், படியேறலாம், வேலைக்குப் போகலாம் என்றார். எருமையைப் பற்றி அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து அதை மடியில் வைத்து ஒரு நீண்ட சுரத்தை ஊதினாள். பாதி வழியிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது. மறுபடியும் ஊதினாள். அதே இடம். கீழ்வீட்டு அம்மாள் அன்று கூரையை இடிக்கவில்லை. அதுதான் பெரியம்மாவுக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுப் பயணம் வந்தது. எங்கோ குளிர்ப் பிரதேசத்தில், சண்டை ஓய்ந்துபோன ஒரு ஆற்றங்கரையில், நம் படை பாலத்தையும் சாலையையும் காவல் காத்துக்கொண்டிருந்தது. பேண்டிலிருந்து சிறிய குழு ஒன்று போய்ப் படைவீரர்களுக்கு வாசிக்க வேண்டும். பக்கத்து ஊர்களிலும் வாசித்து, துப்பாக்கியோடு நிற்பவர்கள் மேல் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் கசப்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பேண்ட் மாஸ்டர் பட்டியல் படித்தபோது இரண்டு ட்யூபாவும் அதில் இருந்தன.

"போகணுமா?" என்று கேட்டார் பெரியப்பா.

"போகலைன்னா ஏன்னு கேப்பாங்க. கேட்டா ஊதிக் காட்டச் சொல்லுவாங்க. ஊதிக் காட்டினா வாத்திய ஸ்டோர்ல உக்கார வெச்சிருவாங்க. நான் போய் ஸ்டாண்டுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு, அடுத்தவங்க வாசிக்கிறதைச் சுவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

பெரியப்பா எழுந்து அலமாரியைத் திறந்தார். தடிமனான காலுறைகளை எடுத்து அவள் பெட்டியில் வைத்தார்.

ஒட்டகம் அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவர் தாடையைத் தடவினார்.

"கடைசியில உனக்கு எங்க தீருதோ அங்க இருந்து நான் இழுத்துக்கறேன், தங்கச்சி. மாஸ்டர்கிட்ட மட்டும் மூச்சு விடாதே."

"இருந்தாத்தானேண்ணே விடுறதுக்கு."

முகாம் போய்ச் சேர்ந்தபோது எங்கும் மூடுபனி. கூடாரங்கள் பனிக்குள் மிதந்தன. முள்கம்பியில் காயப்போட்ட பனியன்கள் விறைத்துப்போய், கை விரித்த மனிதர்கள் மாதிரி நின்றன. வாத்தியத்தின் வாய்க்குழாயை வெறும் உதட்டில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பெரியம்மா அதைக் கோட்டுப் பையில், உள்ளங்கைச் சூட்டில் வைத்துக்கொண்டே திரிந்தாள். கை வெளியே வரும்போதெல்லாம் பித்தளை வாசனை.

முகாமின் நடுவில் ஒரு பெரிய ஜெனரேட்டர் இருந்தது. ஹீட்டர்களுக்காகப் பகல் முழுக்க ஓடும். அதன் முனகல் பேண்டின் சுருதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. முதல் ஒத்திகையில் இரண்டும் உரசிக்கொண்டு பல் கூசியது. அதை நிறுத்த முடியுமா என்று மாஸ்டர் கேட்டுப் பார்த்தார். சமையல்காரர், "நிறுத்தலாம் சார். அப்புறம் எல்லாரும் உங்க பாட்டையே சாப்பிட வேண்டியதுதான்" என்றார்.

மாஸ்டர் ஜெனரேட்டரின் பக்கம் காதைச் சாய்த்தார். "அதோட சண்டை போட முடியாது. நாம இறங்கிப் போவோம்" என்றார். எல்லோரும் குழாய்களை இழுத்து நீட்டி, ஜெனரேட்டரின் சுருதிக்கு இறங்கிச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து அந்த முகாமில் எல்லாப் பாட்டும் ஒரு நூலிழை கீழே, தூக்கக் கலக்கத்தில் பாடுவது மாதிரி ஒலித்தது.

பெரியம்மாவுக்கு மட்டும் தெரிந்த அதிசயம் ஒன்று அதில் நடந்தது. நீண்ட சுரத்தில் அவளுக்கு மூச்சு தீர்ந்த இடத்தில் சத்தம் குறையவே இல்லை. ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. அது மூன்றாவது ட்யூபா மாதிரி அவளுக்குப் பின்னால் நின்று, டீசலைக் குடித்துக்கொண்டு, அவள் விட்ட இடத்திலிருந்து ஊதியது. ஒட்டகம் அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் உதட்டை வாத்தியத்தில் வைத்தபடியே சிரித்தாள்.

காவலை விட்டு வர முடியாதவர்களுக்காக லாரியில் ஏறிப் பாலத்துக்கே போய் வாசித்தார்கள். முகாமின் சுருதி வாத்தியங்களை விட்டு இன்னும் இறங்கியிருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த லாரி எஞ்சினும் கீழே ஏதோ முனகியது. ஆற்றிலிருந்து எழுந்த பனி எதிரே இருந்தவர்களின் முகத்தை மறைத்துவிட்டது. பூட்ஸ்கள் மட்டும் தெரிந்தன. பாட்டுக்கு ஏற்ப அவை மெதுவாக ஆடின. பாட்டு முடிந்ததும், கையுறை போட்ட கைகளின் தட்டல், தலையணையைத் தட்டுவது மாதிரி, பனிக்குள்ளிருந்து வந்தது.

"அக்கா, இன்னொரு தடவை! அந்தப் பெரிய வாத்தியம் எங்கம்மா கூப்பிடுற மாதிரியே இருக்கு!"

"உங்கம்மா குரல் அவ்வளவு கனமாடா?"

"காலைல எழுப்பும்போது வந்து கேளு!"

பனி முழுக்கச் சிரித்தது. யார் சிரித்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. திரும்பும் வழியில் பெரியம்மா வாத்தியத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாளாம். பனி, முனகல், முகம் தெரியாத சிரிப்பு. யாரும் யாரையும் ஊதிக் காட்டச் சொல்லாத ஓர் இடம்.

ஆனால் ஊருக்குள் வாசிக்கும் நாள் வந்தது. முந்தின நாள் ஒட்டகம் அண்ணன் தேநீர்க் குவளையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு உன் டீசல் தோழி கிடையாது."

"தெரியும்ணே."

"அந்தப் பாட்டு வேற இருக்கு."

அந்தப் பாட்டு அந்த ஊர் ஆற்றைப் பற்றியது. முகாமின் மொழிபெயர்ப்பாளர், அந்த ஊர்ப் பெண், முணுமுணுத்துக் காட்ட, மாஸ்டர் அதைக் கேட்டு பேண்டுக்காக அமைத்திருந்தார். கடைசியில் ட்யூபாக்கள் ஒரே கீழ்ச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதன்மேல் கிளாரினெட் மெதுவாக, தண்ணீர்மேல் படகு மாதிரி, ஊரைக் கடந்து போகும். அந்தச் சுரம் ஆறு. அது வற்றினால் படகுக்கு வேலை இல்லை. மாஸ்டரின் காதுக்கு எதுவும் தப்பாது. அங்கே ஓட்டை விழுந்தால் பெரியம்மாவின் நாற்காலி போய்விடும். அது இரண்டு பேருக்கும் தெரியும். யார் எங்கே மூச்சு வாங்குவது என்பதை மறுபடியும் ஒருமுறை பேசிக்கொண்டார்கள். முதல் பாதியில் அவர், அடுத்த பாதியில் அவள், கடைசியில் அவளுக்குத் தீர்ந்ததும் அவர் இழுத்துக்கொள்வது.

ஊர்ச் சதுக்கத்தில் காற்றே இல்லை. கடைகள் பாதி மூடியிருந்தன. ஊர்க்காரர்கள் கிட்டே வரவில்லை. கதவோரத்திலும் ஜன்னலிலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சலூன்காரர் கத்தியும் கையுமாக வெளியே வந்திருந்தார். அவருக்குப் பின்னால், கழுத்தில் துணியும் முகத்தில் பாதிச் சோப்பு நுரையுமாக அவருடைய வாடிக்கையாளர். முதல் சில பாட்டுகளுக்குக் கைதட்டல் ஏதோ கடனைத் தீர்ப்பது மாதிரி வந்தது.

பிறகு ஆற்றுப் பாட்டைத் தொடங்கினார்கள். முதல் வரியிலேயே கட்டிய கைகள் சில அவிழ்ந்தன. ஒரு ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்தது. பாட்டு இறங்கி இறங்கிக் கடைசிச் சுரத்துக்கு வந்தது. இரண்டு ட்யூபாவும் ஆற்றைத் திறந்துவிட்டன. கிளாரினெட் படகை இறக்கியது.

அந்த இடத்தில் பெரியம்மா ஒன்று நினைத்தாள். ஒத்திகைகளில் தனக்காக இழுத்து இழுத்து அண்ணனின் நெற்றி நரம்பு புடைத்ததைப் பார்த்திருந்தாள். இன்றைக்காவது அவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது. பேசியபடி இல்லாமல் கொஞ்சம் முன்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டால், கடைசிவரை தானே போய்விடலாம்.

பக்கத்து நாற்காலியில் ஒட்டகம் அண்ணனும் ஒன்று நினைத்தார். வெட்டவெளி, குளிர், இன்று தங்கச்சிக்குச் சீக்கிரமே தீர்ந்துவிடும். பேசிய இடம் தாண்டினாலும் பரவாயில்லை, கொஞ்சம் பிந்தி நிறைய வாங்கி வைத்துக்கொண்டால் அவளை முழுசாகத் தாங்கிவிடலாம்.

ஒருவருக்கொருவர் செய்ய நினைத்த உதவி ஒரே இடத்தில் வந்து சந்தித்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உதட்டை எடுத்தார்கள்.

தரை போய்விட்டது. கிளாரினெட் மட்டும் அந்தரத்தில், கீழே ஒன்றுமில்லாமல், நடுங்கிக்கொண்டு நின்றது. பெரியம்மா அந்த அமைதியைப் பற்றிச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு புறா கூரையில் கால் மாற்றி வைத்தது கேட்டதாம். மாஸ்டரின் கோல் காற்றில் நின்றது. போச்சு, என்று அவள் நினைத்தாள். எந்த இடத்தில் திரும்ப நுழைவது என்று தெரியவில்லை.

அப்போது ஒரு குரல் வந்தது. கனமான, கரகரப்பான, வாயைத் திறக்காமல் முனகும் ஆண் குரல். அதே சுரம். சோப்பு நுரை முகத்தோடு நின்ற மனிதர், எங்கேயோ பார்த்துக்கொண்டு, அதைப் பிடித்திருந்தார். சலூன்காரர் சேர்ந்துகொண்டார். ஜன்னல் சேர்ந்தது. கதவோரங்கள் சேர்ந்தன. சதுக்கத்தின் நான்கு பக்கமிருந்தும் சுரம் எழுந்து, ஆறு கரை நிரம்பி, படகைத் தூக்கிக்கொண்டது. முனகிக்கொண்டே மனிதர்கள் ஒரு அடி, இன்னொரு அடி, தங்களுக்கே தெரியாமல் கிட்டே வந்தார்கள். இரண்டு ட்யூபாவும் அவர்களுக்குக் கீழே, யாருக்கும் கேட்காத அளவுக்கு மெல்ல, திரும்ப நுழைந்தன.

பாட்டு முடிந்தபோது சோப்புக்காரர் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நுரை காய்ந்துபோயிருந்தது.

"ஏன் பாடினாங்க?" என்று பெரியம்மா மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டாள்.

"கீழ விழுற பொருளை யாராவது சும்மா பார்த்துக்கிட்டு நிப்பாங்களாக்கா?" என்றாள் அவள்.

மறுநாள் காலை மாஸ்டர் இரண்டு பேரையும் ஒத்திகைக் கூடாரத்துக்கு அழைத்தார்.

"நான்தான் சார் முன்னாடி வாங்கிட்டேன்" என்றாள் பெரியம்மா.

"இல்ல சார், நான் பிந்திட்டேன்."

"அண்ணே, சும்மா இருங்க."

"நீ சும்மா இரு."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. தனித்தனியா ஊதுங்க."

ஒட்டகம் அண்ணன் ஊதினார். மாஸ்டர் தலையை ஆட்டினார். பெரியம்மா ஊதினாள். அவள் சுரம் நின்ற இடத்தில் ஜெனரேட்டர் தொடர்ந்தது. மாஸ்டர் அதை நோக்கிக் கையை நீட்டி, "இதுதானா இத்தனை நாளும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதைவிடக் கஷ்டமான ஒன்று இருந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஸ்டோர்தானே சார்."

அவர் இல்லை என்று சொல்லவில்லை.

அந்த நேரத்தில் கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு முகாமின் கர்னல் உள்ளே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. பாலத்துக்குக் காவல் வந்த நாளிலிருந்து அந்த ஊர் ஆட்கள் படைக்கு இவ்வளவு கிட்டே வந்ததில்லை என்றார். அந்த இடத்தில் வாத்தியத்தை நிறுத்தி ஊரைப் பாட வைத்தது பிரமாதம், அடுத்த ஊர்களிலும் அப்படியே செய்ய வேண்டும் என்றார்.

"யாரோட யோசனை அது?"

மாஸ்டர் வாழ்நாளில் தாளத்தில் பொய் சொன்னவரில்லை. பெரியம்மாவைப் பார்த்தார். அவள் எருமையின் வாய்க்குழாயை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாள்.

"ட்யூபா வரிசையோட யோசனை, சார்."

கர்னல் போன பிறகு மாஸ்டர் முகத்தை இறுக்கிக்கொண்டார். "இப்ப அந்தத் தப்பை ஊர் ஊராப் போய்ச் சரியாப் பண்ணணும். எப்படிப் பண்ணப் போறீங்க? அடுத்த ஊர்ல யாருக்கும் அந்தப் பாட்டு தெரியாம இருந்தா?"

"நான் இறங்கிப் போய்க் கேக்கறேன் சார்" என்றாள் பெரியம்மா.

அப்படித்தான் செய்தாள். அடுத்த ஊரில் கடைசிச் சுரம் வந்ததும் எருமையை நாற்காலியில் சாய்த்துவிட்டு, கூட்டத்தின் முன்னால் போய் நின்று, கையை ஏந்தி, அந்தச் சுரத்தை வாயை மூடிக்கொண்டு முனகினாள். ட்யூபா கேட்கும் மூச்சை முனகல் கேட்காது. அவளிடம் இருந்தது அதற்குப் போதும். பின்னால் ஒட்டகம் அண்ணன் மெல்ல நுழையத் தயாராகக் காத்திருந்தார். முதலில் ஒரு சிறுமி பிடித்தாள், பிறகு அவளைத் தூக்கி வைத்திருந்தவர், பிறகு எல்லோரும். பெரியம்மாவுக்கு மூச்சு தீர்ந்தபோது வாயை மூடிக்கொண்டு கேட்டாள். சுரம் நின்றுகொண்டிருந்தது. இத்தனை வருடம் தான் போட்ட தரையின்மேல் அன்றுதான் முதன்முதலாகத் தானே நின்றதாகச் சொல்வாள்.

பயணம் முடிந்து திரும்பிய பிறகு குடும்பத்தாருக்காகப் படை மைதானத்தில் ஒரு கச்சேரி வைத்தார்கள். ஸ்டோர் பற்றி மாஸ்டர் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அன்றைய கச்சேரியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக மட்டும் சொல்லியிருந்தார். நாங்கள் எல்லோரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கீழ்வீட்டு அம்மாளும் வந்திருந்தார்.

ஆற்றுப் பாட்டு வந்தது. கடைசிச் சுரத்தில் பெரியம்மா எருமையை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். கையை ஏந்தினாள், முனகினாள். எங்களுக்கு வெட்கம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் ஊரில் யார் முதலில் வாயைத் திறப்பது? அவளுடைய சுரம் மெலிந்துகொண்டே வந்தது. அது எந்த இடத்தில் தீரும் என்று அங்கிருந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் சரியாகத் தெரியும். ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கணக்காகப் பார்த்தவர்.

தீர்வதற்குச் சற்று முன்னால் பெரியப்பா பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, யாரும் கேட்டிராத அந்தக் குரலில். கொஞ்சம் கீழே இறங்கித்தான் இருந்தது, அந்த ஜெனரேட்டர் மாதிரி. பெரியம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். கீழ்வீட்டு அம்மாள் சேர்ந்துகொண்டார், அம்மா சேர்ந்துகொண்டாள், மைதானம் சேர்ந்துகொண்டது. அவர்களுக்குக் கீழே ஒட்டகம் அண்ணனின் ட்யூபாவும் மெல்ல நுழைந்தது.

மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் நீட்டி, பின்வரிசையில் பெரியம்மாவின் காலி நாற்காலியைச் சுட்டிக் காட்டினார். போய் உட்கார் என்று. அவள் போய் உட்கார்ந்து, எருமையை மடிக்கு இழுத்துக்கொண்டு, ஒட்டகம் அண்ணன் மூச்சு வாங்கும் வரை காத்திருந்து, பிறகு ஊதினாள்.